பழைய டாலர் நோட்டுக்கு என்ன மதிப்பு?

கேள்வி: கப்பலில் பணியாற்றிய என் தாத்தாவின் பெட்டியில் மூன்று அமெரிக்க நோட்டுகள் இருந்தன. ஒன்று, நீல முத்திரையுடன் 1957 என்று அச்சிட்ட ஒரு டாலர் நோட்டு. இன்னொன்று, இறகுத் தலையணி சூடிய பழங்குடித் தலைவரின் படமுள்ள அகலமான ஐந்து டாலர் நோட்டு. மூன்றாவது, 1840ஆம் ஆண்டிட்ட ஆயிரம் டாலர் நோட்டு. மிகப் பழையதான அந்த ஆயிரம் டாலருக்குத்தான் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். அது சரியா?

பதில்: ஏமாற்றம் தருவதற்கு மன்னியுங்கள். அந்த நோட்டு ‘பாங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ பெயரில் இருந்து, அதன் எண் 8894ஆகவும் இருந்தால், அது பெருமளவில் அச்சடித்து விற்கப்பட்ட நினைவுப்பொருள் நகல். அக்காலத்து அசல் நோட்டுகளில் எண்ணும் கையொப்பமும் மையால் கையெழுத்தாக இருக்கும். நகலில் அவையும் சேர்த்தே அச்சிடப்பட்டிருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காணலாம். பழமையின் தோற்றத்துக்காகவே மஞ்சளேற்றப்பட்ட தாள் தொட்டால் மொறமொறப்பாக இருக்கும்.

1957 நோட்டு அசலாகவே இருக்கலாம். நீல முத்திரை அது வெள்ளிச் சான்று நோட்டு என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதைக் கொடுத்து வெள்ளி பெறும் உரிமை 1968 ஜூன் 24ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கோடிக்கணக்கில் அச்சானதால், புழங்கிய நோட்டுக்கு முகமதிப்பைவிடச் சற்றே கூடக் கிடைக்கும். எண்ணின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

உங்கள் பெட்டியின் செல்வம் அந்த ஐந்து டாலர் நோட்டுதான். 1929இல் அளவு சுருங்குவதற்கு முன் அமெரிக்க நோட்டுகள் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளம் இருந்தன. இன்றைய நீளம் 15.6 சென்டிமீட்டர்தான். உங்களுடையது 1899 வரிசையைச் சேர்ந்தது. படத்திலிருப்பவர் லக்கோட்டா இனத் தலைவர் ரன்னிங் ஆன்டெலோப். (தலையணி மட்டும் பானீ இனத்தாருடையது என்பார்கள், செதுக்கியவரின் வசதிக்கு வரலாறு வளைந்து கொடுத்திருக்கிறது!) 1899 என்பது வடிவமைப்பின் ஆண்டே தவிர அச்சான ஆண்டு அன்று, அச்சான காலத்தைக் கருவூலப் பதிவாளர், கருவூலர் ஆகிய இருவரின் கையொப்பங்களே காட்டிக்கொடுக்கும். இந்த நோட்டில் பதினொரு கையொப்ப இணைகள் உண்டு. அவற்றுள் நேப்பியர், தாம்சன் இருவரும் 1912–13இல் சில மாதங்களே சேர்ந்து பதவியிலிருந்ததால், அவர்களுடைய இணை அரிது; விலையும் மற்றவற்றைவிட உயர்வு.

அதற்கடுத்து நிலைமையே விலையைத் தீர்மானிக்கும். தரமிடுவோர் 70 வரை புள்ளி வழங்கும்போது மடிப்பு, ஊசித் துளை, ஓர வெட்டு ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிடுவார்கள். ஆகவே மடிப்பு நீங்கட்டும் என்று நோட்டை இஸ்திரி போடவோ, கழுவவோ, கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டவோ கூடாது. அமிலமில்லாத உறையில் இடுங்கள். விலையை விற்பவர்கள் கேட்கும் தொகையைக் கொண்டு அளக்காமல், அதே கையொப்ப இணையும் அதே தரமும் உள்ள நோட்டுகள் ஏலத்தில் உண்மையாக விற்ற தொகையைக் கொண்டு அளந்து பாருங்கள். வியாபாரி தமது இலாபத்தைக் கழித்துக்கொண்டுதான் உங்களுக்கு விலை சொல்வார்.