அணியினர் குடிக்கும்போது நான் மட்டும் மறுத்தால் என் இடம் போய்விடுமா?

பல்கலைக்கழக அணிக்குப் புதிதாகத் தேர்வாகியிருப்பதாகவும், போட்டி முடிந்த இரவுகளில் எல்லோரும் குடிக்கும்போது மறுத்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் பல்கலைக்கழகக் கைப்பந்து அணியில் மூன்றாண்டுகள் ஆடியவன். உங்கள் கேள்வியைப் படித்தபின் பதில் எழுதாமல் நகர முடியவில்லை.

எங்கள் அணியில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஆனால், முதல் வெற்றி இரவில் அணித்தலைவர் தம் கையாலேயே பீரை ஊற்றி என்னிடம் நீட்டியபோது, விரல்களில் சுற்றிய டேப்பைக்கூட நான் பிரித்திருக்கவில்லை. ஒரே மூச்சில் குடித்து முடிக்கும்வரை மூத்த வீரர்கள் தாளம் தவறாமல் கைதட்டினார்கள்; மறுநாள் காலையில் டேப்பை உரித்தபோது, பிசினோடு பீர் வாடையும் சேர்ந்து வந்தது. களமிறங்கும் ஆறு பேர் யார் என்பதில் பயிற்சியாளர் அணித்தலைவருடைய கருத்தையும் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் நீட்டும் கோப்பையை வெறும் உபசாரமாக ஒரு புதியவனால் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

அதைவிட என்னை இறுகப் பிடித்திருந்தது, 'எல்லோரும் விரும்பித்தான் குடிக்கிறார்கள்' என்ற என் எண்ணம். தம்மைச் சுற்றியிருப்பவர்கள் குடியை எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்பதை மாணவர்கள் மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் அணியில் பெருங்குடியன் என்று நான் நினைத்திருந்த செட்டர் (மற்றவர்கள் அடிப்பதற்காகப் பந்தை உயர்த்திக் கொடுப்பவன்), கடைசி ஆண்டில் என் அறைத் தோழனானபோது, ஒரே கோப்பையை இரவு முழுவதும் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரிப்பதே தன் வழக்கம் என்றான். "நீ குடிப்பதைப் பார்த்துத்தான் நானும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை" என்று அவன் சொன்னதும் என்னால் வெகுநேரம் பேச முடியவில்லை.

விளையாடுகிற உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள், அதை நம்பாதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு அதிக அளவில் மது அருந்தியவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த, 2014இல் வெளியான ஆய்வொன்றில், போதிய புரதம் உட்கொண்டிருந்தும் தசைப் புரத உருவாக்கம் 24 சதவீதம் குறைந்திருந்தது. எட்டு ஆண்களை மட்டும் வைத்து நடந்த சிறிய ஆய்வுதான். இருப்பினும், உழைத்த உழைப்பில் ஒரு பங்கு அன்றிரவே வீணாகலாம் என்பதை எங்களுக்கு யாருமே சொன்னதில்லை.

ஓர் அணியில் கண்டதை எல்லா அணிகளுக்கும் பொருத்துவதாகச் சிலர் கோபிக்கலாம். குடிக்காதவனே நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஏனென்றால், மூன்றாம் ஆண்டில் ஒரு புதிய வீரனுக்குக் கோப்பையை நீட்டியவன் நான். அவன் இரண்டு முறை வேண்டாம் என்றான். நான் கைதட்டத் தொடங்கினேன்; மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரவெல்லாம் வாந்தியெடுத்துக் காலைப் பயிற்சிக்கு அவன் வராததால், ஒழுங்கீனம் என்று பெயரை அடித்தார் பயிற்சியாளர். ஐந்து நிமிடத் தாமதத்துக்கும் கணக்கு வைக்கும் அவர், முந்தைய இரவு அவனுக்கு ஊற்றிக்கொடுத்தது யார் என்று கேட்கவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. அவர் கேட்கும்வரை நான் ஏன் காத்திருந்தேன் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

எனவே, உங்கள் இடம் போகுமா என்று என்னால் உறுதி கூற முடியாது. எங்கள் அணியில் அவ்வாறு இடம் இழந்த ஒரே ஒருவன், மறுத்துவிட்டுப் பிறகு எங்களுக்காகக் குடித்தவன். அடுத்த போட்டிக்கு முன்பே, கூட்டம் சேராத ஒரு வேளையில், அணித்தலைவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால், கோப்பையை வெகுநேரமாகக் காலி செய்யாமல் வைத்திருப்பவர் யார் என்று பார்த்து, அவர் அருகில் போய் உட்காருங்கள்.