ஒரு எழுத்துத்தான் மாறியிருக்கிறது, புரதமும் முழு நீளத்தில் வருகிறதாம். பிறகேன் பிள்ளைக்கு எலும்பு முறிகிறது?

மகனுக்கு அடிக்கடி எலும்பு முறிகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து இரத்தம் அனுப்பி எடுத்த மரபணு றிப்போட்டில் 'சிஓஎல்1ஏ1, கிளைசீன் இடத்தில் செரீன்' என்று வந்திருக்கிறது, புரதம் அறுபடாமல் வருகிறதென்றால் நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். புரதம் அறுபடாமல் வருவதுதான் இங்கே வில்லங்கம். சிஓஎல்1ஏ1 என்பது எலும்பைக் கட்டும் கொலாஜன் புரதத்தின் அல்பா1 இழையைச் செய்யும் மரபணு. கிளைசீனும் செரீனும் இழையில் மணிபோல் கோத்து வரும் அமினோ அமிலங்கள். நோயின் பெயர் ஒஸ்ரியோஜெனெசிஸ் இம்பெர்பெக்ரா, எலும்பு இலகுவில் முறிகிற நோய்.

கொலாஜன் தனி இழையாக நின்று வேலை செய்யாது. தும்புக்கயிறு திரிப்பதுபோல் மூன்று இழை சேர்ந்து முறுகவேண்டும்: அல்பா1 இரண்டு, அல்பா2 ஒன்று. முறுகும் பகுதியில் ஓர் இழைக்கு 1014 அமினோ அமிலம். ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசீன், ஆக 338. மூன்று இழையும் நெருங்குகிற நடுவில் ஓர் ஐதரசன் அணுவுக்குத்தான் இடம், கிளைசீனின் பக்கத்தில் இருப்பதும் அந்த ஒன்றுதான். அங்கே செரீன் வந்தால் முறுக்கு தடைப்படும். முறுக்கு இழையின் கடைசி முனையிலிருந்து (சி முனை) தொடக்க முனைக்கு (என் முனை) ஓடுவது. அது தாமதிக்கிற நேரத்தில் நொதியங்கள் இழையின்மேல் ஐதரொட்சில் கூட்டங்களையும் சீனியையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றிவிடும். ஒரு பங்கு கலத்துக்குள்ளேயே தேங்கும், வெளியே வந்த பங்கும் எலும்பில் ஒழுங்காக அடுக்காய் அமையாது.

இனிக் கணக்கு. பிள்ளையிடம் அல்பா1 மரபணு இரண்டு பிரதி, ஒன்றுதான் பழுது. ஒரு கயிற்றுக்கு இரண்டு அல்பா1 வேண்டும். இரண்டும் நல்லதாக அமைய வாய்ப்பு ½ × ½, அதாவது கால் பங்கு. மிச்ச முக்கால் பங்குக் கயிற்றிலும் குறைந்தது ஒரு பழுது இழை இருக்கும். அதே பிரதி முழுதாக ஊமையாகி, இழையே வராமல் போயிருந்தால்? கயிறு பாதியாகக் குறையும், இருக்கிற பாதி அத்தனையும் நல்ல கயிறு. அதனால்தான் 'புரதமே இல்லை' என்ற றிப்போட் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நோயின் மென்மையான முதலாம் வகை வருகிறது, கிளைசீன் மாறியவர்களில் கடுமையான வகைகள் அதிகம். மாற்றம் அல்பா2 இல் என்றால் கயிற்றுக்கு ஓர் இழைதானே, பழுது அரைப்பங்கோடு நிற்கும். இரண்டு பிரதியும் சரிசமமாக உற்பத்தியாகும் என்று யார் சொன்னது என்று கேட்க ஆள் வரும். கணக்கு தோராயம்தான். கடுமை எந்தக் கிளைசீன், அங்கே என்ன வந்தது என்பதிலும் தங்கியிருக்கிறது. ஆனால் திசை இதுதான்.

ஓர் எழுத்து மாறி வருகிற எல்லா நோயும் இப்படி இழைகள் ஒன்றையொன்று பிடிக்கிற பிடி குழம்புவதால் வருவதில்லை, ஒட்டக்கூடாத இடத்தில் புதுப் பிடி முளைத்தும் வரும். ஈமோகுளோபின் பீட்டா இழையின் 6 ஆம் இடத்துக் குளுட்டமிக் அமிலம் வலீனாக மாறினால், ஒட்சிசன் இறங்கிய பிறகு அந்த வலீன் பக்கத்து ஈமோகுளோபினின் 85, 88 ஆம் இடத்துப் பள்ளத்தில் போய் ஒட்டும். அப்படி ஒட்டி ஒட்டி நார் வளர்ந்து செங்குருதிக்கலம் அரிவாளாக வளையும். அதே 6 ஆம் இடத்தில் லைசீன் வந்தால் அந்த நார் உருவாகாது. இன்னொரு விதம், அணைக்கிற பிடி போவது: கலத்தை வளரச் சொல்லும் கேராஸ் என்ற புரதத்தில் 12 ஆம் கிளைசீன் மாறும்போது, அதை அணைக்க வருகிற புரதத்தின் ஆர்ஜினின் உள்ளே நுழைய முடியாமல் போகும். சமிக்ஞை அணையாது, புற்று வளரும்.

றிப்போட்டை வாசிக்கையில் ஒன்று கவனியுங்கள். பழைய கட்டுரைகள் கிளைசீனை முறுகும் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணும், இப்போதைய றிப்போட்டுகள் இழையின் முதல் அமினோ அமிலமான மெதியோனினிலிருந்து எண்ணும். அல்பா1 இல் வித்தியாசம் 178. அதைக் கழிக்காமல் இணையத்தில் தேடினால் வேறொரு பிள்ளையின் நோயை வாசித்துப் பயப்படுவீர்கள்.

நீங்கள் கேட்காதது, ஆனாலும் எழுதாமல் விட என்னால் ஏலாது. 'கிரகணத்திலண்டு வெளியில போனவள்', 'வயித்துப்பிள்ளையோட ஒழுங்காச் சாப்பிடேல்ல' என்று தாயைக் குத்துகிற வாய்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. பிள்ளையை அடித்தீர்களா என்ற விசாரணையும் சில இடங்களில் வரும். இந்த மாற்றம் பல குடும்பங்களில் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாக வருவது. சாப்பாடோ கிரகணமோ 338 இல் ஒரு கிளைசீனைத் தெரிந்தெடுத்து மாற்றாது. விசாரிக்க வருபவர்களிடம் அந்த றிப்போட்டையே காட்டுங்கள். பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இருவரிலும் இல்லை என்று வந்தாலும் அடுத்த பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்று ஆகாது, விந்துக்கலங்களிலோ முட்டைகளிலோ ஒரு பங்கில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கலாம்.

மருந்தைப் பற்றி டொக்டர் சொல்வதை மாற்றச் சொல்லவில்லை. பிஸ்பொஸ்பனேற்று எலும்பு கரைவதைக் குறைக்கும், கயிற்றைத் திருத்தாது. முருங்கையிலையும் கல்சியமும் அப்படித்தான், குறைபாடு இருந்தால் அதை நிரப்பும், அவ்வளவே. வீட்டில் உங்கள் கையில் இருப்பது தூக்குகிற விதம். நப்பி மாற்றும்போது கணுக்காலில் பிடித்துத் தூக்கவேண்டாம், குண்டிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து உயர்த்துங்கள். அக்குளில் பிடித்துத் தூக்குவதும் கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. பிள்ளையை வாங்குகிற அம்மம்மாவுக்கும் மாமிமாருக்கும் இதைச் செய்து காட்டுங்கள், சொன்னால் மட்டும் போதாது.