கரடிக் காட்டுக்கு எந்த ரிவால்வர்? அலாஸ்காவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆங்கரேஜுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம், எச்1பி விசா, ஜூலையில் நண்பர்களோடு கீனாய் தீபகற்பத்தில் கூடாரம் போட்டு நடக்கப் போகிறீர்கள். கரடி வந்தால் தற்காப்புக்கு .357 மேக்னம் ரிவால்வர் வாங்குவதா, .44 மேக்னமா? (எண் தோட்டாவின் பருமனைச் சொல்கிறது; .44 பெரியது, உதையும் அதிகம்.)

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இன்றைய விசாவில் நீங்கள் அதைக் கையால் தொடுவதே வம்பு.

நம் ஊரில் துப்பாக்கி உரிமம் என்றால் கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் செருப்புத் தேய நடக்க வேண்டும். அலாஸ்காவில் 2003 முதல் 21 வயது நிரம்பியவர் அனுமதிச் சீட்டே இல்லாமல் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு போகலாம். இதைப் பார்த்துவிட்டு நமக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். அது மாநிலச் சட்டம். அதற்கு மேலே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது: குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். எச்1பி, எல்1, மாணவர் விசா எல்லாம் இதில் அடக்கம். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 எண் படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். மீன்பிடி உரிமம் கணக்கில் வராது. லாஸ் வேகாஸுக்குச் சுற்றுலா போய், வாடகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துப் படம் போடும் நம் பையன்களில் பலருக்கு இது தெரியாது. பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். நண்பரின் துப்பாக்கியை ஐந்து நிமிடம் பிடித்திருந்தாலும் அது 'வைத்திருப்பது'தான். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்துவதற்கே போதுமான காரணம். ஆகவே வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டு வாங்கலாம் என்று தோன்றினால், முதலில் விசா வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை கிடையாது.

அந்த நாள் வரும்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மீதியை எழுதுகிறேன்.

நான் 2006-இல் வந்தேன். 2011-இல் கிரீன் கார்டு கிடைத்த கோடையில் நேராகப் போய் ஒரு .44 மேக்னம் வாங்கினேன். விற்பனையாளர் கையில் வைத்ததும் சொக்கிப்போனேன். சுமார் 700 கிராம்தான், உடற்பகுதி கலப்பு உலோகம், நாள் முழுக்கச் சுமந்தாலும் தெரியாது. சுமக்கும்போது தெரியாதது சுடும்போது தெரிந்தது. தோட்டாவின் வேகம் மாறவில்லை, துப்பாக்கி மட்டும் எடை குறைந்திருக்கிறது. அந்த உதை எங்கே போகும்? என் உள்ளங்கைக்குத்தான் வந்தது. மூன்றாவது வெடியில் கட்டைவிரல் அடிப்பகுதித் தோல் கிழிந்தது. நான்காவதற்கு விசையை இழுத்தால் நகரவே இல்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். முந்தைய வெடிகளின் உலுக்கலில், சுடாமல் இருந்த தோட்டா ஒன்றின் ஈய முனை அதன் உலோகக் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, தோட்டாக்கள் அடங்கிய சுழல் உருளைக்கு வெளியே துருத்தி, துப்பாக்கியின் உடற்பகுதியில் முட்டி நின்றது. எடை குறைந்த துப்பாக்கியில் கனமான தோட்டா போட்டால் இப்படி நடப்பதுண்டு என்றார். காட்டில், கரடிக்கு முன்னால் இது நடந்திருந்தால் கையில் மிஞ்சியிருப்பது 700 கிராம் கல்.

அதை விற்றுவிட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 என்ற .44 மேக்னம் ரிவால்வர் வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகு, நான்கு அங்குலக் குழல், காலியாகவே 1.2 கிலோ வரும். ரூகர் ரெட்ஹாக்கும் இதே ஜாதிதான், இன்னும் முரட்டுக்கட்டை. ஒரு சௌகரியம், இதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டாவைப் போட்டுப் பழகலாம். .357-இல் .38 ஸ்பெஷல் போட்டுப் பழகுவது போலத்தான். மணிக்கட்டு மெலிந்தவர் .44-ஐ வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சுடுவதைவிட .357-ஐக் கண் திறந்து சுடுவது மேல். .454, .500 என்று இன்னும் பெரிய தோட்டாவுக்கு மேலே மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். .500-க்கு உருளையில் ஐந்தே தோட்டா. முதல் வெடிக்குப் பிறகு இரண்டாவதற்குக் குழலைத் திரும்ப இலக்குக்குக் கொண்டுவரும் நேரத்தில் கரடி கைகுலுக்கிவிடும்.

தோட்டா விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மனிதரிடமிருந்து காத்துக்கொள்ள விற்கும் குழிமுனைத் தோட்டா உள்ளே போனதும் விரிந்து, ஆழம் போகாமல் நின்றுவிடும். பழுப்புக் கரடியின் தோளில் கொழுப்பும் தசையும் எலும்பும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இங்கே எல்லோரும் போடுவது கெட்டியாக வார்த்த, தட்டை முனை ஈயக் குண்டு. 240 முதல் 300 கிரெயின் எடை, அதாவது ஏறத்தாழ 16 முதல் 19 கிராம். அது விரியாது, துளைத்துக்கொண்டு போகும்.

ரிவால்வரா, கிளாக் 20 போன்ற 10 மில்லிமீட்டர் அரைத் தானியங்கியா (ஒவ்வொரு வெடிக்கும் விசையை இழுக்க வேண்டும், அடுத்த தோட்டா தானே ஏறும்) என்ற வாக்குவாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. அரைத் தானியங்கியில் பதினைந்து தோட்டா கொள்ளும்; விலங்கு மேலே விழுந்து குழல் அதன் உடம்பில் அழுந்தினால் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நான் உண்மையில் பாடம் கற்றது துப்பாக்கியிடம் அல்ல, அதன் உறையிடம். ஒரு ஜூலையில் கீனாயில் உள்ள ரஷ்யன் ஆற்றில் சிவப்புச் சால்மன் ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் பெரிய பை, இடுப்பில் ரிவால்வர். புதர் வளைவில் திரும்பினால் இருபது தப்படி தூரத்தில் ஒரு பழுப்புத் தாய்க்கரடி, காலடியில் பாதி தின்ற மீன், பின்னால் குட்டி. ஊது உலைத் துருத்தி போல ஒரு மூச்சு விட்டது, பிறகு பற்களை டக் டக்கென்று தட்டியது. என் வலது கை இடுப்புக்குப் போனது. அங்கே இருந்தது பையின் இடுப்புப் பட்டை. அதற்கு அடியில் உறை, அதற்கு அடியில் துப்பாக்கி. கை தடவிக்கொண்டே இருந்தது. நான் ஏதோ தமிழில் மெதுவாகப் பேசியபடி பின்வாங்கினேன், என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. அது மீனைக் கவ்விக்கொண்டு போனது. ஓடும் கரடி நொடிக்கு 15 மீட்டர் வரும் தம்பி. அந்த இருபது தப்படியை ஒரு நொடியில் கடந்திருக்கும்.

அன்று மாலையே மார்பில் குறுக்காகக் கட்டும் தோல் உறை வாங்கினேன். பை மாட்டினாலும், ஆற்றில் இறங்க இடுப்புக்கு மேல் ரப்பர் உடை போட்டாலும், கை நேராகப் போய்ச் சேரும். பிறகு ஒரு மாதம், தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டி, காலி ரிவால்வரோடு கொல்லைப்புறத்தில் பயிற்சி. மனைவி ஜன்னலிலிருந்து எதிர்பாராத நேரத்தில் "கரடி!" என்று கத்துவாள். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே உதவும் விஷயம்: கரடி ஸ்பிரே. விசா கேட்காது, படிவம் கிடையாது, 40, 50 டாலர். மிளகாயின் காரச் சத்துதான், 1 முதல் 2 சதவீதம். எட்டு, ஒன்பது மீட்டர் வரை மேகம்போல் விரியும். ஏழெட்டு நொடியில் காலி. கரடி ஆராய்ச்சியாளர்கள் ஸ்மித்தும் ஹெரேரோவும் மற்றவர்களும் அலாஸ்கா சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் எழுதியதில், பழுப்புக் கரடியின் தொல்லையை ஸ்பிரே 92 சதவீதம் நிறுத்தியிருக்கிறது. அவர்களே 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ ஆராய்ந்தபோது கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீள் துப்பாக்கி 76. இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்திச் சண்டை போடுகிறவர்களை நம்பாதீர்கள். ஸ்பிரே கணக்கில் சும்மா மோப்பம் பிடிக்க வந்த கரடிகளும் உண்டு. நான் மார்பில் ரிவால்வரும் பைப் பட்டையில் ஸ்பிரேயும் வைத்துப் போகிறேன். முதலில் கை போவது ஸ்பிரேக்கு.

ஏனென்றால் சுட்டுக் கொன்றால் கதை அங்கே முடியாது. தற்காப்புக்காகக் கொன்ற கரடி மாநிலத்தின் சொத்து. நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டோடு ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். கூடாரத்தில் உணவைத் திறந்து போட்டு நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதமும் எடுபடாது. ஆகவே சாம்பார்ப் பொடி முதல் பற்பசை வரை கரடி திறக்க முடியாத டப்பாவில் அடைத்து, படுக்கும் இடத்திலிருந்து நூறு தப்படி தள்ளி வையுங்கள்.

ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள். போகிற ஊரில்தான் வாங்க வேண்டும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் அதற்கே தடை. பின்னாளில் ரிவால்வர் வாங்கிவிட்டுக் கனடா வழியாகக் காரில் தெற்கே போகத் திட்டமிட்டால், அதை வீட்டில் விட்டுவிடுங்கள், எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, இங்கே கரடியைவிட அதிகம் பேரைக் காயப்படுத்துவது மூஸ் மான்தான். குட்டியோடு நின்றால் மரத்துக்குப் பின்னால் ஓடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

வீட்டில் காலாவதியான ஸ்பிரே குப்பி ஒன்று இருக்கிறது. காற்றில்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள், பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றி ஒருமுறை அடித்துப் பழகலாம். பழைய சட்டை போட்டு வாருங்கள். போன தடவை வந்தவர் காற்று திரும்பியதில் அரை மணி நேரம் குழாயடியில் நின்றார்.