மூளைக் கட்டி அறுவை மருத்துவம்: கல்லூரி வேலை கைகொடுக்குமா?

கேள்வி: என் மகள் மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். மூளைக் கட்டிகளுக்கான அறுவை மருத்துவராகி, கல்லூரியிலேயே பேராசிரியராக இருக்க வேண்டும் என்கிறாள். தோல் மருத்துவம் படித்தால் மூன்றே ஆண்டில் நிம்மதி என்கிறார்கள் உறவினர்கள். அவள் சொல்லும் வழி எவ்வளவு நீளம்? அதில் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதிப் பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். மூன்று ஆண்டு, பிறகு உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். தேர்வு எழுதி நரம்பியல் அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். மூன்று ஆண்டு என்பது பெரும்பாலோர் போகும் வழி. டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் எம்.பி.பி.எஸ். முடித்தவுடனேயே ஆறாண்டு எம்.சிஎச். படிப்பில் சேர முடியும். எப்படிக் கூட்டினாலும் ஆறு ஆண்டு. நுழைவுத் தேர்வுகளுக்குப் போகும் காலம் தனி. உதவிப் பேராசிரியராகும்போது அவளுக்கு முப்பது வயதாகியிருக்கும். படிக்கும் காலத்தில் உதவித்தொகை உண்டு என்பதால் வீட்டுக்குச் சுமையாக இருக்கமாட்டாள். அரசுக் கல்லூரிச் சம்பளம் தனியார் மருத்துவமனை தருவதைவிடக் குறைவுதான், ஆனால் கௌரவமாகக் குடும்பம் நடத்தப் போதும். பிழைப்பைப் பற்றிய கவலையை இத்தோடு விடுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மூளைக் கட்டிகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது. முழுவதும் எடுத்துவிட முடிந்தால் நோயாளி பல்லாண்டு நன்றாக இருப்பார். மூளைக்குள்ளேயே தோன்றி வேகமாக வளரும் புற்றுக்கட்டியான கிளியோபிளாஸ்டோமா அப்படியல்ல. கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்ததில், நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த இரண்டரை மாதத்தைத்தான் இத்துறை பெரிய முன்னேற்றமாகக் கொண்டது. இன்றைக்கும் அதுவே அடிப்படைச் சிகிச்சையாக இருந்துவருகிறது. எனவே, கட்டியை நேர்த்தியாக எடுத்துத் தையல் போட்டு அனுப்பிய நோயாளி, சில மாதங்களில் புதிய எம்.ஆர்.ஐ. படத்தோடும் கலங்கிய முகத்தோடு நிற்கும் மனைவியோடும் மறுபடி வரும்போது, அவர்கள் எதிரே உட்கார்ந்து உண்மையை மறைக்காமலும் மனத்தை உடைக்காமலும் பேச உங்கள் மகளால் முடியுமா என்பதே கேள்வி. ஆபரேஷன் தியேட்டரில் கை நடுங்காமல் நிற்பதைப் பயிற்சியில் வரவழைத்துவிடலாம், இதற்கு அவ்வளவு எளிதாகப் பயிற்சி கிடைப்பதில்லை.

அவள் கல்லூரியை விரும்புவது சரியான விருப்பம் என்றே கருதுகிறேன். கட்டி அறுவையின்போது அரிசி அளவுத் திசுவை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிச் சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும்வரை அறுவை மருத்துவர் காத்திருப்பதுண்டு. மேற்கொண்டு எவ்வளவு எடுப்பது என்பதை அந்தப் பதிலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பிறகு கதிர்வீச்சு மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கூடிப் பேசியாக வேண்டும். இவர்கள் எல்லாரும் ஒரே வளாகத்தில், மாணவர்களின் கேள்விகளுக்கு நடுவே வேலை செய்யும் இடம் பெரும்பாலும் கல்லூரி மருத்துவமனைதான். இந்தியாவில் இத்துறை வேர் பிடித்ததும் அங்கேதான். 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

ஆராய்ச்சி என்றதும் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார்கள். மதுரையிலேயே கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. பேச்சுக்குரிய பகுதியை ஒட்டிக் கட்டி இருந்தால், நோயாளியை விழிப்பில் வைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி, மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தபடியே அறுவை செய்வார்கள்; பசு மாட்டைக் காட்டும்போது அவர் வாய் திணறினால் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசுகிற ஒருவருக்கு எந்த மொழியில் சோதிப்பது, ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றை இழக்கச் செய்துவிடாமல் இருப்பது எப்படி என்பதையெல்லாம் இந்த ஊர் மருத்துவர் ஆராயாமல் வேறு யார் ஆராய்வார்கள்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அரசு மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவில் சேர்ந்தவுடன் கட்டிகள் மட்டுமே அவளிடம் வராது. நான்குவழிச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து வந்தவர்களின் தலைக்காயங்கள்தான் இரவெல்லாம் வரும். கட்டிக்கென்று தனிப் பயிற்சி எம்.சிஎச்.க்குப் பிறகே, மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களை அப்போது யோசிக்கலாம். இப்போதே முடிவு செய்ய வேண்டியது அறுவை மருத்துவமா இல்லையா என்பது மட்டுமே.

ஹவுஸ் சர்ஜன் காலம் முடிவதற்குள் நரம்பியல் அறுவைப் பிரிவின் தலைவரிடம் அனுமதி கேட்டு, அறுவை முடிந்த நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வரும் ஓ.பி.யில் அவள் சில வாரம் உட்காரட்டும். தியேட்டரை அல்ல, ஓ.பி.யைச் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகும் மனம் மாறவில்லையென்றால் கவுன்சிலிங்கில் பொது அறுவை மருத்துவத்தை முதல் விருப்பமாகப் போடட்டும். திருமணப் பேச்சு வந்தால், இந்த ஆறு ஆண்டுக் கணக்கையும் இரவுப் பணியையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.