சாவு பயம் இல்லாத சாகசக் குழு: என்ன செய்யலாம்?

கேள்வி: நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்துகிறேன். குழுவின் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) 5-வது லெவலை எட்டி, செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் கைக்கு வந்ததிலிருந்து யாருக்கும் சாவு பயமே இல்லை. அதைத் தடை செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். விதிப்படி சம்பாதித்த சக்தியைப் பிடுங்கினால் ஆட்டக்காரருக்கு மனக்கசப்புதான் வரும். அந்த மந்திரத்துக்குச் செலவாகும் வைரத்துக்குக் கணக்கு வைக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 2014 விதிப்புத்தகப்படி ரிவிவிஃபைக்கு 300 தங்கக்காசு பெறுமான வைரம் வேண்டும், மந்திரம் போட்டதும் அது காலி. செத்த ஒரு நிமிடத்துக்குள், அதாவது பத்துச் சண்டைச் சுற்றுக்குள், உடலைத் தொட்டுத்தான் போட முடியும். எழுபவருக்கு ஒரே ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). பலரும் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல், பணம் இருந்தால் வைரமும் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். வைரம் எங்கே கிடைக்கும், எத்தனை கிடைக்கும் என்பது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரான உங்கள் கையில். பையில் கடைசி வைரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் போர்வீரரான ஃபைட்டரின் உடல், நடுவில் ஒரு ட்ரோல் அரக்கன், இன்னும் ஆறு சுற்று: இப்போது பயம் தானாக வரும்.

அந்த நிமிடம் தப்பினால் ரெய்ஸ் டெட் என்ற இன்னொரு மந்திரம் இருக்கிறது. 500 தங்கக்காசு வைரம், பத்து நாள் கெடு. திரும்பி வருபவருக்குத் தாக்குதல், சேவிங் த்ரோ (ஆபத்தைச் சமாளிக்க உருட்டுவது), திறன் சோதனை எல்லாவற்றிலும் பகடை எண்ணில் நான்கு குறையும். ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் ஒன்று மீளும். தலை போயிருந்தால் மந்திரம் பலிக்காது. திரும்ப அந்த ஆன்மாவும் சம்மதிக்க வேண்டும். கதைக்கு இது நல்ல தீனி. ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை.

பழைய பதிப்புகள் இன்னும் கறார். 1978 விதிகளில் உயிர் மீள்வதற்கே பகடை உருட்ட வேண்டும், மீண்டால் உடல் உறுதியைக் குறிக்கும் கான்ஸ்டிடியூஷனில் ஒன்று நிரந்தரமாகப் போகும். மூன்றாம் பதிப்பில் ரெய்ஸ் டெட் ஒரு லெவலைப் பறிக்கும். எனக்கு அது பிடிக்காது. அடுத்த பல வாரங்களுக்கு அவர் மட்டும் பின்தங்கியே ஆட வேண்டியிருக்கும்.

பல நேரம் பிரச்சினை சாவில் இல்லை, ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்தவர் ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரத்தில் உடனே எழுவதில்தான். பூஜ்யத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு நிலை களைப்பு என்று வையுங்கள். 2014 விதிப்படி மூன்றாம் நிலையிலேயே தாக்குதலும் சேவிங் த்ரோவும் தடுமாறும், ஆறாம் நிலையில் மரணம்.

சரி, எந்த மாற்றமானாலும் அடுத்த சண்டைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவர் விழுந்த பிறகு அறிவித்தால், தன்னைக் குறிவைத்துத்தான் விதியை மாற்றியதாக அவர் நினைப்பார்.