பதில்: அட்டை வரவில்லை, பிராக் போகலாமா?

தம்பி, ஜெர்மனியில் டிரெஸ்டனில் முதல் செமஸ்டர், குடியிருப்பு அனுமதி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, டிசம்பர் லீவில் பிராக், சூரிக் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அதற்குள் திரும்பிவிடுவதாக இருந்தால் அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை பொதுவாக இல்லாத ஐரோப்பிய நாடுகளில், சுற்றலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. லண்டன் ஆசை இருந்தால் அதற்குத் தனி விசா.

ஒரிஜினல் பாஸ்போர்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நான் ஒருமுறை இரவு பஸ்ஸில் போனபோது அதைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கீழே லக்கேஜில் போட்டுவிட்டேன். எல்லை தாண்டியதும் டார்ச்சோடு போலீஸ் ஏறியது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் முழுக்க முறைக்க, குளிரில் இறங்கிப் பெட்டியைக் கிளறினேன். போதுமடா சாமி!

பிராகுக்கு ரயிலே நல்லது, சுமார் இரண்டரை மணி நேரம். இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள், எல்பா ஆறு கூடவே வரும். அங்கே யூரோ இல்லை, செக் நாட்டு நாணயமான கொருனாதான். ஏடிஎம் 'யூரோவில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அப்புறம், சூரிக்கில் இறங்குமுன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஒன்றியத்தின் இலவச ரோமிங் விதி அங்கே செல்லாது.