வாசகர் கேள்வி – பதில்: ராமேசுவரத்துக்கு வேனா, ரயிலா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததால் நின்றுபோன எங்கள் ராமேசுவரப் பயணத்தை இந்த விடுமுறையிலாவது முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமனாருக்கு 74 வயது, மாமியாருக்கு 70. மாமியாருக்கு ஆஸ்துமாவும் சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கொரோனாவுக்குப் பிறகு அவர் திருப்பரங்குன்றத்தைத் தாண்டி எங்கும் சென்றதில்லை. பிள்ளைகளுக்கு 9 வயதும் 4 வயதும். வேன் பேசிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு ரயிலே நல்லது என்று படுகிறது. கூட்டத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். போக வர ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தே கழியும். ஐந்தாறு ஆண்டுகளாக வெளியூர் போகாத எழுபது வயதுக்காரரின் முழங்காலும் மூச்சும் அதைத் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிட்டு, நாளுக்கு ஒரு பெரிய வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேனா ரயிலா என்பது நீங்கள் புறப்படும் நாளைப் பொறுத்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின் மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்த வண்டிகள், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதிலிருந்து மீண்டும் ராமேசுவரம் வரை செல்கின்றன. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. சர்க்கரை உள்ளவருக்கு இவை சிறிய வசதிகள் அல்ல. ஆனால் மதுரையிலிருந்து செல்லும் பயணிகள் ரயில்களில் முன்பதிவு கிடையாது என்பதால், விடுமுறை நாளில் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் அஞ்சும் நெரிசல் கோயிலுக்கு முன்பாக ரயில் பெட்டியிலேயே தொடங்கிவிடும். செவ்வாய், புதன் போன்ற வேலை நாளில் போக முடிந்தால் ரயில். விடுமுறை நாள்தான் என்றால் உங்கள் கணவர் சொல்வதே சரி.

கொரோனாக் காலத்தில் காய்கறியைக் கூடக் கழுவித் துடைத்தோம். அந்தப் பழக்கத்தில் பாதி வீண் என்று பின்னர் தெரிந்தது; நோய் பெரும்பாலும் பரவியது காற்றோட்டமில்லாத இடத்தில் பலர் சேர்ந்து மூச்சுவிட்டதால்தான். ஒரே வீட்டில் உண்டு உறங்கும் நீங்கள் அறுவர் ஒரு வேனில் செல்வதால் புதிதாக எதுவும் வந்துவிடாது. வெளியூரிலிருந்து கொழுந்தனார் குடும்பமும் சேர்ந்துகொள்கிறது என்றால், ஏ.சி. போட்டாலும் உள்காற்றையே சுழலவிடாமல் வெளிக்காற்று வரும்படி வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தங்கும் அறைக்கும் இதே கணக்குதான். விடுதியில் அறை கேட்கும்போது, சன்னல் வெளியே திறக்கிறதா, நடைக்கூடத்தைப் பார்த்துத் திறக்கிறதா என்று கேளுங்கள். மேற்கத்திய கழிப்பறை, தரைத்தளம் அல்லது லிஃப்ட், இவை அடுத்த கேள்விகள். தொலைக்காட்சி இருக்கிறதா என்பதைக் கடைசியில் கேட்டால் போதும்.

வேன் பேசுகையில் மஞ்சள் எண் பலகை உள்ள வாடகை வண்டியாகவே பேசுங்கள். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளைப் பலகை வண்டியை எடுத்துச் சென்று, வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும். ஓட்டுநர் முந்தைய இரவு வேறு சவாரி போய்விட்டு வந்தவரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். பேட்டாவோடு அவருக்குப் படுக்க ஓர் இடமும் கொடுங்கள்.

மருந்துப் பையைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரை அழைத்துச் சென்றபோது, பரமக்குடியைத் தாண்டியதும் அவருக்கு இளைப்பு வந்தது. இன்ஹேலர் எங்கே என்று தேடினால், அது வேனின் மேல் கேரியரில், தார்ப்பாய்க்கு அடியில், கயிற்றால் இறுக்கிக் கட்டிய மூன்றாவது பெட்டியில் இருந்தது. சாலையோரத்தில் முடிச்சை அவிழ்க்க ஆன அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இன்ஹேலர், இன்சுலின், மாத்திரை, மருத்துவர் சீட்டு ஆகிய நான்கும் ஒரே துணிப்பையில், மாமியாரின் மடிக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் இன்சுலின் கெட்டுவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் கெட்டுவிடும். கிராமத்தில் செய்வதுபோல், சிறு மண்சட்டியில் ஈர மணலிட்டு, அதன் நடுவே நீர் புகாத டப்பாவில் வைத்து எடுத்துச் செல்லலாம். சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடக்கூடும் என்பதால் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் அதே பையில் இருக்க வேண்டும்.

இனி 22 தீர்த்தங்கள். மூத்தவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அக்னி தீர்த்தத்தில் மூழ்கிய ஈர உடையோடு கோயிலுக்குள் கிணறு கிணறாக நடந்து, ஒவ்வொன்றிலும் தலையில் வாளித் தண்ணீர் வாங்க வேண்டும். கல்தளம் முழுவதும் நீர் நிற்கும். பின்னால் வருவோர் வேகமாக வருவார்கள். தலையில் தண்ணீர் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்று திரும்பும். ஆஸ்துமா உள்ளவருக்கு இத்தனையும் வேண்டியதில்லை. மகனும் மருமகளும் நீராடட்டும். மாமியார் அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, உலர்ந்த சேலையில் மூன்றாம் பிராகாரத் தூண்களினூடே நிதானமாக நடந்து சுவாமியைத் தரிசிக்கட்டும். ஈர உடையோடு சன்னதிக்குள் விடுவதில்லை என்பதால் நீராடுவோருக்கும் மாற்றுடை கையில் வேண்டும். ஆடி, தை அமாவாசைகளை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இதற்கு மேல் கூட்டத்துக்கு மருந்தில்லை.

தனுஷ்கோடிக்கு மறுநாள் காலை வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். அரிச்சல்முனையில் நிழல் கிடையாது. கடலில் இறங்குவதும் ஆபத்து. மாமனாருக்கு விருப்பமில்லை என்றால் அவர் அறையிலேயே இருக்கலாம். குடும்பப் பயணம் என்றால் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போய்த் தீர வேண்டும் என்பது நம் ஊரில் மட்டும் உள்ள பிடிவாதம்.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்: கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்கிறார்கள். கொரோனா முடிந்த பிறகும் எதற்கு? என் மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், என்ன செய்வது?

பதில்: பெயர் ஒன்றுதானே தவிர, இது அந்த இ-பாஸ் அன்று. 2020-இல் கேட்டது நோய்க்காக. இப்போதுள்ளது மலையில் வாகனங்கள் பெருகியதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் செல்வோர் இணையத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்குத் தேவையில்லை. ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறிவிடுவது எளிது.

மகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். பூரியும் வெறும் வயிறும் ஒன்றுபோலக் கெடுதல். பேருந்தில் முன்பகுதிச் சன்னலோரம் உட்காரவைத்து, கையில் கைபேசியைக் கொடுக்காமல், தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் மருத்துவர் சொன்ன அளவில், மலையேறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

மதுரை அண்ணாநகரிலிருந்து ஒரு வாசகர்: இன்னும் முகக்கவசம் எடுத்துச் செல்ல வேண்டுமா? உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலையை முடித்துக்கொண்டது, சளிக் காய்ச்சல் முடிந்துவிடவில்லை. பையில் நான்கு இருக்கட்டும், நெரிசலில் மட்டும் போடுங்கள். சிரிப்பவர்களுக்கும் ஒன்று கொடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: புறப்படுவதற்கு முந்தைய நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? போன முறை முன்பணம் போய்விடும் என்று கூட்டிச் சென்று பெரும்பாடு பட்டோம்.

பதில்: தள்ளிப்போடுங்கள். மழைக்காலமென்றால் டெங்குவாகவும் இருக்கலாம். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பணத்தைப் பொறுத்தவரை, வேன் பேசும் அன்றே, உடல்நலக் குறைவென்றால் வேறு தேதிக்கு மாற்றித் தர வேண்டும் என்று சொல்லி, அந்த ஒப்புதலைக் கைபேசிச் செய்தியாகவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் பலர் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். மறுப்பவரிடம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.